ஒரு கட்டம் தள்ளி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தொட்டால் குளிக்க வேண்டும்.

சின்னக் காஞ்சிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் இப்படி ஒரு சட்டம் இருந்தது என்று சொன்னால், இன்றைக்கு என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் கதை விடுகிறேன் என்கிறார்கள். சட்டம் போட்டவர் என் மாமியார். அதனால் லாபம் அடைந்தவள் என் மன்னி, அதாவது என் கணவரின் அண்ணா மனைவி. முறைப்படி எனக்கு ஓர்ப்படி. கணவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் மன்னி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

விஷயம் இதுதான். மாதத்தில் மூன்று நாள் அந்த வீட்டுப் பெண்கள் கொல்லைப்பக்கத்து அறையில் ஒதுங்கி உட்கார வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. கூடத்துக்கு வரக்கூடாது. கிணற்றைத் தொடக்கூடாது. செடி கொடிப் பக்கம் போகவே கூடாது, போனால் பட்டுப்போகும் என்பார்கள். மன்னியின் மகன் இன்ஜினியரிங் படிக்கக் கோயம்புத்தூர் போனபோது தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். கூடத்தில் இடம் இல்லை, கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அதைக் கொல்லை அறை மேஜையில் வைத்தார்கள். அந்த மாதம் மன்னி அங்கே போய் உட்கார்ந்தபோது கை சும்மா இராமல் அதைத் தட்டிப் பார்த்துவிட்டாள். மாமியார் கண்ணில் பட்டுவிட்டது.

புடவை என்றால் நனைத்துப் போடலாம். பாத்திரம் என்றால் புளி போட்டுத் தேய்க்கலாம். கம்ப்யூட்டரை என்ன செய்வது? மாமியார் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாராம். "அது அங்கேயே கிடக்கட்டும். மடியா இருக்கறவா யாரும் அதைத் தொட வேண்டாம். தொட்டா ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வாங்கோ."

அத்தோடு அண்ணன் தம்பி இருவரும் அதன் பக்கம் போவதை விட்டார்கள். வேலைவெட்டிக்குப் போகிற ஆண்பிள்ளைகள் ஒவ்வொரு தடவையும் தலைக்கு ஊற்றிக்கொள்ள முடியுமா? இப்படியாக எங்கள் தெருவிலேயே பெண்களுக்கு மட்டும் என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது எங்கள் வீட்டில்தான். அதுவும் மாதம் மூன்று நாள்.

நான் கல்யாணமாகிப் போன முதல் மாதமே அந்த அறையைப் பார்த்தேன். பி.எஸ்ஸி. படித்தவள், செங்கல்பட்டில் வளர்ந்தவள், எங்கள் வீட்டில் அம்மாவே இதையெல்லாம் கைவிட்டு வெகுகாலம் ஆயிற்று. உள்ளே போனபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மன்னி எனக்கு முதல் நாளே அங்கே வந்திருந்தாள். திரையைப் பார்த்தபடியே, "வாடி. பாயை அந்தப் பக்கமா போட்டுக்கோ. தீர்த்தம் ஆச்சா?" என்றாள்.

எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீருக்குத் தீர்த்தம் என்றுதான் பெயர். "தீர்த்தம் ஆச்சா?" என்பது மன்னியின் தாரக மந்திரம். தபால்காரரிடம் அதுதான் கேட்பாள். கீரைக்காரியிடம் அதுதான் கேட்பாள். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வாசலில் உம்மென்று நிற்கிற தன் புருஷனிடமும் அதுதான் கேட்பாள். பதில் என்ன வந்தாலும் ஒரு சொம்பு நீட்டிவிடுவாள். வேண்டாம் என்கிற ஆளைக் கையில் சொம்போடு தெருமுனை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனதை நானே பார்த்திருக்கிறேன்.

மனுஷர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை வாலாஜாபாத்துக்கு ஒரு சீமந்தத்துக்குப் போனோம். வழியில் பஸ் ஒரு டீக்கடை எதிரில் நின்றது. கடை வாசலில் பெயிண்ட் டப்பாவில் ஒரு குரோட்டன்ஸ் செடி, இலையெல்லாம் தொங்கிப்போய் இருந்தது. ஜன்னல் வழியே அதைப் பார்த்த மன்னி, பக்கத்தில் இருந்த என் மடியில் சீர்த் தட்டை வைத்துவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போய், நாங்கள் குடிக்க எடுத்துவந்த பாட்டிலை அதில் கவிழ்த்துவிட்டாள். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். நான் கத்தி, அவர் இன்னொரு விசில் ஊதி, மன்னி ஓடிவந்து ஏறினாள்.

"இன்னாமா, செடிக்குத் தண்ணி ஊத்தவா பஸ்ஸு புடிச்சு வந்துக்கினு இருக்கறீங்க?" என்றார் கண்டக்டர்.

"ஊத்தலேன்னா நாளைக்கு நீங்க இங்கே நிறுத்தும்போது அது இருக்காதே" என்றாள் மன்னி, ஏதோ அவர் வீட்டுச் செடி மாதிரி.

வாடிய ஒன்றைப் பார்த்துவிட்டுக் கடந்து போக அவளால் முடியாது. மன்னியைப் பற்றி நான் சொல்ல வருவது மொத்தமும் இதுதான். அப்படிப்பட்டவளை மாதாமாதம் மூன்று நாள் எந்தச் செடிக்கும் தண்ணீர் விடாதே என்று ஓர் அறையில் உட்கார வைத்தார்கள். போதாக்குறைக்கு அந்த அறை ஜன்னல் நேராகக் கொல்லைத் தோட்டத்தைப் பார்த்திருந்தது. அங்கே நாலு பாத்தி நிறையத் துளசி. மாமனார் உயிரோடு இருந்தபோது போட்டது. வைகாசி உற்சவத்தில் பெருமாள் எங்கள் தெருவுக்கு எழுந்தருளும் நாளில் எங்கள் வீட்டுத் துளசிமாலை சாத்துவது என்று அவர் வைத்த வழக்கம். வருஷம் முழுக்க அந்தப் பாத்திகளை வளர்ப்பது மன்னி. அவள் ஒதுங்கிய நாட்களில் மாமியார் முழங்கால் வலியோடு வந்து அரைக் குடத்தை அப்படியும் இப்படியுமாகத் தெளித்துவிட்டுப் போவார். "ஓரத்துச் செடிக்குப் போகலைம்மா" என்று ஜன்னலிலிருந்து மன்னி சொல்வாள். "போறும் போறும்" என்பார் அவர்.

நான் வருவதற்கு முன் அந்த மூன்று நாளை மன்னி எப்படித் தள்ளினாள் என்று தெரியவில்லை. நான் வந்தபோது ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு தோட்டம் வந்துவிட்டிருந்தது.

அது அவள் மகன் போட்டு வைத்திருந்த விளையாட்டு. துப்பாக்கி, சண்டை எதுவும் இல்லை. தொப்பி போட்ட ஒரு பையன். புல்லும் கல்லுமாகக் கிடக்கிற ஒரு நிலம். பையன் கல்லைப் பொறுக்க வேண்டும், மண்ணைக் கொத்த வேண்டும், விதை போட வேண்டும், தினமும் தண்ணீர் விட வேண்டும். நிலம் சின்னச் சின்னச் சதுரமாக இருக்கும். பையன் செடியிலிருந்து ஒரு கட்டம் தள்ளி நின்று பூவாளியைச் சாய்த்தால் அந்தக் கட்டத்து மண் கறுக்கும். அதைப் பார்க்கும்போது மன்னி "ஆஹ்" என்று ஒரு சத்தம் போடுவாள், வெயிலில் வந்தவன் மோர் குடித்த மாதிரி.

நிலத்தைத் தாண்டினால் ஒரு சிற்றூர். ஒரு கடை, ஒரு வைத்தியர், ஒரு பண்ணை, மலையடியில் ஒரு குளம். கடை வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும். மழை வந்தால் எல்லாரும் வீட்டுக்குள் இருப்பார்கள். அவ்வளவுதான். ஜெயிப்பது தோற்பது ஒன்றும் கிடையாது.

"இதுல என்ன மன்னி இருக்கு?" என்று முதல் நாள் கேட்டேன். எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, அந்த அறையின் மேல்.

"இரு, காட்டறேன்" என்று பையனை நடத்திக்கொண்டு போனாள். கடைக்காரர் வீட்டுக்குள் நுழைந்தாள். அவர் மனைவியிடம் ஏதோ பேசினாள். சமையலறைக்குள் போனாள். வெளியே வந்து வைத்தியர் வீட்டுக்குள் நுழைந்தாள். பண்ணை வீட்டுக்குள் நுழைந்தாள். எல்லா வீட்டிலும் யாராவது திரும்பி ஒரு வார்த்தை பேசினார்கள்.

"பார்த்தியோ? எந்த ஆத்துக்குள்ளே வேணும்னாலும் போலாம். யாரும் தள்ளி நில்லுன்னு சொல்லலை" என்றாள்.

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி நான் கேலி பேசவில்லை. இப்போதும் ரயிலில் வளர்ந்த பிள்ளைகள் போனில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டு வருவதைப் பார்க்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. விட்ட தண்ணீருக்கு மறுநாள் ஓர் இலையாவது காட்டுகிற இடம் மனுஷருக்கு வேண்டித்தான் இருக்கிறது.

மன்னி விளையாடிய விதம் அதை உருவாக்கியவர்களே பார்த்திராத விதம். அங்கே கோழி வளர்க்கலாம். கோழி முட்டை போடும், முட்டையை விற்க வேண்டும். எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லையே உரக்கச் சொல்ல மாட்டார்கள். மன்னி ஒரு முட்டையைக்கூட விற்கவில்லை. "பாவம், அது பாட்டுக்குப் பொரியட்டும்" என்று எல்லாவற்றையும் அடைக்கு வைத்தாள். கொட்டில் கொள்ளாமல் கோழியாகப் பெருகியது. தினமும் விடிந்தால் அத்தனைக்கும் தீனி போட்டு முடிப்பதற்குள் பையனுக்கு நாக்குத் தள்ளிவிடும். ஒரு மீனவர் பையனுக்குத் தூண்டில் ஒன்று பரிசாகக் கொடுத்தார். "ஆசையாக் குடுத்தார், வேண்டாம்னு சொல்லப்படாது" என்று வாங்கிப் பெட்டியில் வைத்தவள்தான், வெளியே எடுக்கவே இல்லை. வெங்காயம் விதைக்க மாட்டாள். முதலில் காய்த்த வெள்ளரிக்காயை விற்க மாட்டாள், அந்த மலையடிக் குளத்தில் போடுவாள். குளத்தில் ஏதோ தேவதை இருந்தது. "யாராத்துப் பெருமாளோ, முதல் காய் அவாளுக்குத்தான்" என்பாள்.

அந்த ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பையன் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். பெண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு வந்து பேசுவார்கள். மன்னி பூவெல்லாம் கொடுப்பாள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. "ஒருத்தியைப் பண்ணிக்கோங்கோ மன்னி, ஒத்தாசையா இருக்கும்" என்றேன்.

"எதுக்குடி? அவன் ஒருத்தனா சௌக்கியமா இருக்கான். எழுந்துக்கறான், செடியைப் பார்க்கறான், நாலு பேரை விசாரிக்கறான், தூங்கறான். இதுல கல்யாணம் எங்கே வந்தது?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "வர்றவளையும் ஒரு அறையில ஒக்கார வெச்சுடுவாளோ என்னமோ" என்றாள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறி போட்டிருந்த ஒரு குடும்பம். அந்த வீட்டம்மா தறியிலிருந்து எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்ளக் கொல்லைக்கு வரும்போதெல்லாம் சுவர் வழியே எங்கள் ஜன்னலை எட்டிப் பார்ப்பார். "இன்னா மாமி, இந்த மாசம் எத்தினி மூட்டை பூசணி? எங்க வூட்டுக்கு ரெண்டு அனுப்பினா சாம்பாராவது வெச்சிக்குவோம்" என்பார்.

"அனுப்பறேன். நீங்க பட்டுல அந்தப் பையனுக்கு ஒரு துண்டு நெய்ஞ்சு குடுங்கோ, தொப்பியையே போட்டுண்டு திரியறான்" என்பாள் மன்னி.

லீவுக்கு வந்த மகன் ஒரு நாள் குளித்துக்கொள்வதற்குத் துணிந்து அந்த அறைக்குள் நுழைந்து பார்த்தான். "என்னம்மா, இவ்வளவு நாள்ல இவ்வளவுதானா? ஒரு ட்ரிக் இருக்கு, போட்டா ஒரே நாள்ல எல்லாம் வளர்ந்துடும். போடட்டுமா?" என்றான்.

"வளர்ந்துட்டா அப்புறம் நாளைக்கு நான் என்ன பண்றது?" என்றாள் மன்னி.

அவளுக்குப் பிடித்தது இன்னொன்றும் இருந்தது. மூன்று நாள் முடிந்து தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் அந்தப் பக்கமே போகமாட்டாள், மடி கெட்டுவிடும். ஆனால் அடுத்த மாதம் போய்த் திறந்தால் பையன் விட்ட இடத்திலேயே இருப்பான். அவன் தூங்கி எழும்போது ஆட்டம் பதிவாகிவிடும். எந்த நாளில் மூடினாளோ அந்த நாளின் காலைதான். ஒரு கன்று வாடியிருக்காது, ஒரு கோழி பட்டினி கிடந்திருக்காது. "நான் இல்லேன்னா அந்த ஊர்ல பொழுதே போகாதுடி" என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். இந்த ஊரில் அவள் இல்லாமல் எல்லாப் பொழுதும் போனது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் அந்த வீட்டுக்குப் போன அடுத்த வருஷம் அது நடந்தது. கத்திரி வெயில். பெருமாள் எழுந்தருள இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மாலைக்குப் பழைய செடிகள் போதாது என்று மன்னி புதிதாகத் துளசிக் கன்றுகள் பிரித்து நட்டு, அப்போதுதான் வேர் பிடித்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் நெருங்கிய உறவில் ஒரு கல்யாணம். கிளம்புகிற நாளில் மன்னியும் நானும் ஒன்றாக ஒதுங்கிவிட்டோம். மாமியாரும் அண்ணன் தம்பியும் கிளம்பினார்கள். எங்களுக்குக் கோயில் பக்கத்து மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு. குளிக்க, கைகால் கழுவ என்று அறை வாசலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் ரொப்பி வைத்துவிட்டுப் போனார் மாமியார். துளசிக்கு எதிர் வீட்டு மாமி வந்து தண்ணீர் விடுவதாக ஏற்பாடு. அவர்களும் கோயில் கைங்கர்யம் உள்ள குடும்பம். மாலைக்கென்று வைத்த துளசிக்கு அப்படிப்பட்டவர்கள் தவிர வேறு யாரும் தண்ணீர் விட எங்கள் வீட்டில் விட்டதில்லை.

மறுநாள் காலை எதிர் வீட்டு மாமி கொல்லைப் படலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். பங்காளி ஒருவர் போய்விட்டாராம். அவர்கள் வீட்டுக்கே தீட்டு. "நான் இனிமே வந்து விடப்படாதுடியம்மா, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எதிர் வீட்டில் தீட்டு, இங்கே நாங்கள். ஊரிலிருந்து இவர்கள் வர மறுநாள் ராத்திரி ஆகும். அந்த வெயிலில் அதுவரைக்கும் புதுக் கன்று தாங்காது. கன்று போனால் மாலை இல்லை. மாமனார் காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறாதது தவறிப்போகும். இதெல்லாம் மன்னிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கம்ப்யூட்டரைப் போட்டு விளையாட உட்கார்ந்தாள்.

நான்தான் பொறுக்காமல், "மன்னி, யாரு பார்க்கப் போறா? சுவருக்கு அந்தப் பக்கம்கூடப் பூட்டிண்டு மாகறல் போயிருக்கா. நான் போய் நாலு குடம் விட்டுட்டு வரேன். அம்மா வந்தா எதிராத்து மாமி விட்டான்னு சொல்லிக்கலாம்" என்றேன்.

"யாரும் பார்க்கலேன்னு பண்றதானா பண்ணவே வேண்டாம்" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதுதான் மன்னியிடம் எனக்குப் புரியாத இடம். நான் அந்த வழக்கத்தை ஒரு காசுக்கு மதிக்கவில்லை, அதனால் மீறுவது எனக்குச் சுலபம். அவள் மதித்தாள். நிஜமாகவே தன் கை பட்டால் பெருமாளுக்கு ஆகாது என்று நம்பினாள். அந்த நம்பிக்கைக்கும் வாடுகிற செடிக்கும் நடுவில் உட்கார்ந்து, அந்தப் பையனை வைத்துக் கட்டம் கட்டமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயும் கோடைக்காலம்தான்.

மத்தியானம் கரண்ட் போயிற்று. திரை கறுத்தது. மின்விசிறி நின்றது.

"போச்சா?" என்றேன்.

"இன்னிக்கு விட்டதெல்லாம் போச்சு. பரவாயில்லை. கரண்ட் வந்தா அவன் திரும்பக் காலம்பற எழுந்துப்பான். ஒண்ணும் வாடியிருக்காது" என்றாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரையில் பார்க்க ஒன்றும் இல்லாததால்தான் திரும்பினாள் என்று நினைக்கிறேன். வெளியே கன்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்குத் திரும்பக் காலம்பற கிடையாதே" என்றாள்.

எழுந்தாள். வாசலில் இருந்த டிரம்மைப் பார்த்தாள். "இது எனக்குக் குளிக்கக் குடுத்த தண்ணி. நான் குளிக்கலை, அவ்வளவுதான். கிணத்தைத் தொட வேண்டாம்" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வாளியில் மொண்டாள். நானும் எழுந்தேன்.

"நீ ஒக்காரு. தப்புன்னா ஒருத்தியோட போகட்டும்."

"என் பங்குத் தண்ணியையும் எடுத்துக்கோங்கோ மன்னி" என்றேன். அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை.

பாத்தி ஓரத்தில் போய் நின்றாள். கிட்டே போகவில்லை. ஒரு முழம் தள்ளி நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, குளிக்கிற மக்கால் மொண்டு மொண்டு எட்டி ஊற்றினாள். நிழல்கூடச் செடியின்மேல் விழாமல் வெயிலைப் பார்த்து நின்றாள். மண் கறுத்தது. எனக்கு உடனே அந்தப் பையன்தான் நினைவுக்கு வந்தான். ஒவ்வொரு பாத்தியாக, ஒவ்வொரு கன்றாக, ஒன்றையும் விடாமல் ஊற்றிவிட்டு வந்தாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. வியர்வை என்று நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலமும் விட்டாள், மறுநாள் காலையும் விட்டாள். டிரம் காலி. கத்திரியில் குளிக்காத இரண்டு பெண்கள் ஓர் அறையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று விவரிக்க மாட்டேன். ஆனால் என் வாழ்க்கையில் நான் யாரையாவது நிமிர்ந்து பார்த்தேன் என்றால் அந்த இரண்டு நாளில் மன்னியைத்தான்.

ஊரிலிருந்து வந்த மாமியார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மன்னி அறை வாசலிலிருந்து சொல்லிவிட்டாள். "அம்மா, எதிராத்துல தீட்டு. துளசிக்கு நான்தான் தண்ணி விட்டேன். கிணத்தைத் தொடலை. செடியையும் தொடலை. ஒரு கட்டம் தள்ளி நின்னுதான் விட்டேன்."

"கட்டமா? என்ன கட்டம்?" என்றார் மாமியார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மாமியார் கொடுமைக்காரர் இல்லை. பட்டுப்போகும் என்று அவருக்குச் சொன்னவர்கள் சொன்னதை நம்பி முப்பது வருஷத்துக்கு மேல் தானும் அந்த அறையில் உட்கார்ந்தவர். விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தி பாத்தியாகப் பார்த்தார். எல்லாம் தளதளவென்று நின்றன. திரும்பி வந்தார்.

"வாடலை" என்றார். பிறகு, "வாடலைங்கறது வேற. பெருமாளுக்கு ஆகறதுங்கறது வேற" என்றார்.

"சரிம்மா" என்றாள் மன்னி.

அந்த வருஷம் பெருமாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து போனது கடைத் துளசிமாலை. பெருமாள் வாசலுக்கு வந்தபோது மன்னி எல்லாரோடும் நின்று சேவித்தாள். உள்ளே வந்ததும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய், "தீர்த்தம் ஆச்சா?" என்றேன். வாங்கிக் குடித்தாள். மாமியார்மேல் எனக்கு வந்த ஆத்திரம் தணிய ரொம்ப நாள் ஆயிற்று. நீ செய்ததுதான் சரி என்று மன்னியிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். "அது சரியோ தப்போ, செடி இருக்கோன்னோ" என்று முடித்துவிட்டாள்.

செடி இருந்தது. மாலைக்கு ஆகாது என்று பறிக்காமல் விட்டதால் இஷ்டத்துக்குக் கதிர் விட்டது. கதிர் முற்றி விதை கொட்டியது. ஐப்பசி மழைக்குப் பிறகு பார்த்தால் கொல்லை முழுக்கத் துளசி நாற்று. பாத்தியில், நடைபாதையில், துவைக்கிற கல்லடியில், சுவர் விரிசலில். மன்னி ஒன்றையும் மிதிக்கவிடாமல் பெயர்த்துப் பெயர்த்துப் பாத்திகளில் நட்டாள். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நட வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை எந்தச் செடியின் நாற்று என்று அவருக்குத் தெரியாமலும் இல்லை.

அடுத்த வைகாசி வந்தது. பெருமாள் எழுந்தருளும் நாள் காலை. மாலைக்குத் துளசி பறிப்பது மன்னியின் கணவர். குளித்து மடியாகக் கூடையோடு பாத்திக்கு முன்னால் போனவர் தயங்கி நின்றார்.

"அம்மா, இதெல்லாம் போன வருஷத்துச் செடியோட..." என்றார்.

மாமியார் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். "விதைக்கு ஏதுடா தீட்டு? பறி" என்றார்.

கூடை நிறைந்தது. மாமியாரே தொடுத்தார். அந்த வருஷத்து மாலை பெருமாளின் திருவடி வரைக்கும் தொங்கியது. மன்னி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பெருமாளைச் சேவிக்க நினைவு வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம் மன்னி கொல்லை அறையில் இருந்தாள். நான் வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வழக்கம்போல அவள் பையனை எழுப்பி, கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு, பூசணிக்குத் தண்ணீர் விட ஆரம்பித்திருந்தாள். மாமியார் கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்தார். தூக்கப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "நான் எடுத்துண்டு வரேம்மா" என்று போன என்னைக் கையைக் காட்டி நிறுத்தினார். அறை வாசலுக்குப் போனார். மன்னியின் குளியல் வாளியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து பாத்தி ஓரத்தில் நிறுத்தி, குடத்துத் தண்ணீரை எட்ட இருந்து அதில் ஊற்றும்படி என்னிடம் சொன்னார். அப்புறம் ஜன்னலண்டை வந்தார்.

"ஏண்டி, யாரோ ஊர்ப் பூசணிக்கு விட்டது போறும். இங்கே ஓரத்துச் செடிக்குப் போகலைன்னு மாசா மாசம் நீதானே சொல்லிண்டிருக்கே? எழுந்து வா. ஒரு கட்டம் தள்ளியே நின்னு விடு" என்றார்.

மன்னி எழுந்து வந்தாள். வந்த வேகத்தில் கம்ப்யூட்டரை நிறுத்தக்கூட இல்லை. அவள் ஓரத்துச் செடியிலிருந்து தொடங்கினாள். ஜன்னல் வழியே எனக்குத் திரை தெரிந்தது. தொப்பிக்காரப் பையன் கையில் பூவாளியோடு வயல் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அந்த ஊரில் பொழுது சாய்ந்து, வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியது. அன்றைக்கு அங்கே பாதிப் பூசணிக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. மன்னி திரும்பிப் பார்க்கவே இல்லை.